திரையில் வராத வண்டி

ஸ்டேஷனை மேம்படுத்திவிட்டார்கள் என்பது குழாய்க்காரருக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. போன தடவை வந்தபோது உள்ளே நுழைந்ததும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. இந்தத் தடவை தெரியவில்லை.

முன்பெல்லாம் நடுக்கூடத்தில் ஒரு பழைய கறுப்பு போர்டு தொங்கும். எழுத்துத் தகடுகள் சடசடவென்று புரண்டு, வண்டியின் பெயரும் பிளாட்பார எண்ணும் வந்து நிற்கும். பாதி எழுத்து உதிர்ந்துபோயிருந்தாலும் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது அதைக் கழற்றிவிட்டு எங்கு பார்த்தாலும் திரை வைத்திருந்தார்கள். தூணுக்கு ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று, கழிவறை வாசலில்கூட ஒன்று. எல்லாத் திரையிலும் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ‘தகவல் உங்கள் உரிமை’ என்று எழுத்து ஓடியது. கொஞ்சநேரம் கழித்து அவர் மறைந்து, மலைகளுக்கு நடுவே ஒரு ரயில் பாய்ந்து போனது. அந்த வட்டாரத்தில் மலையே கிடையாது. மறுபடியும் பெரியவர் வந்தார்.

“நம்ம வண்டி எங்கம்மா?” என்றார் குழாய்க்காரர்.

“அவரைத்தான் கேக்கணும்” என்றாள் மகள்.

வீட்டில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். பேச ஆரம்பித்த வயதிலிருந்தே எதிர்க்கேள்விதான். அந்த வாய்க்கு ஏற்ற படிப்பைப் படிக்காமல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் படிப்புக்கு மனுப் போட்டாள். எதிர்த்துப் பேசாத நோயாளிகள்தான் தனக்குச் சரிப்படும் என்றாள். காத்திருப்போர் வரிசையில் பெயர் வந்தது. யாரோ ஒருவர் விலகிக்கொள்ள, முந்தின நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து போன். நாளைக்கு அலுவலகம் மூடுவதற்குள் நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் சீட் அடுத்த பெயருக்குப் போய்விடும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறி, போய்ச் சேரும்போது கல்லூரியில் வாட்ச்மேன்தான் இருப்பார். காலை வண்டி ஒன்றுதான் கதி.

குழாய்க்காரரின் குடும்பத்தில் அதுவரை கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் கழிவறைக் குழாய் மாற்ற.

அதனால் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டு கையிலும் இரண்டு பையோடு, விசாரணைக் கவுண்டர் முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் விரித்து மேஜைமேல் வைத்திருந்தார், வளையல்கடையில் அளவு பார்க்கக் கொடுத்ததுபோல.

“போர்டைப் பாருங்க” என்றார், குழாய்க்காரர் வாயைத் திறப்பதற்குள்.

குரலைக் கேட்டதும் குழாய்க்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ வருஷமாக ஒலிபெருக்கியில் ஊரையே கூப்பிட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய குரல் அது.

“அம்மா, நீங்கதானே அறிவிப்பு சொல்றவங்க?”

“சொன்னவங்க.”

“போர்டுல யாரோ ஒரு சார் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரும்மா.”

“அவர்தான் தலைமை மேலாளர். மரியாதையா பேசுங்க.”

“அவர் எந்த பிளாட்பாரத்துக்கு வருவார்?” என்றாள் மகள்.

அறிவிப்பு அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. தலைக்குமேல் இருந்த கேமராவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதைச் சரிசெய்துகொண்டார். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: “தகவல் ஒரே இடத்துல இருந்துதான் வரணும். ரெண்டு இடத்துல இருந்து வந்தா பயணிகள் குழம்பிடுவாங்க. அதனால மைக்கைக் கழட்டிட்டாங்க.”

“அப்ப உங்களுக்கு என்னம்மா வேலை?”

“விசாரிக்க வர்றவங்களைப் போர்டைப் பாக்கச் சொல்றது.”

“போர்டுல இல்லைன்னா?”

“இல்லைங்கறதும் ஒரு தகவல்தான். பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க.”

மகள் கண்ணாடியின் ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள். “உங்களுக்கு எந்த பிளாட்பாரம்னு தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தெரிஞ்சு என்ன கண்ணு பண்றது? பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு அழுதுச்சுன்னு விரலை மட்டும் காட்டினேன். விரல் மூலமா இணைத் தகவல் பரப்பினதா விளக்கம் கேட்டாங்க. அன்னையில இருந்து கையை மேஜைமேல வெச்சுத்தான் உக்காரணும்.” சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்டுப் பழகிய அந்தக் குரலில் சொன்னார்: “போர்டைப் பாருங்க.”

போர்டைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. கூடத்தின் தரையில் அங்கங்கே மஞ்சள் வட்டம் வரைந்திருந்தார்கள். பளபளவென்று சட்டைமேல் இன்னொரு சட்டை மாட்டிய ஒரு பெண் ஓடிவந்து குழாய்க்காரரின் தோளைப் பிடித்து ஒரு வட்டத்துக்குள் நிறுத்தினாள். நெஞ்சில் ‘திரைத் தோழி’ என்று குத்தியிருந்தது.

“பெரும்பாலானவங்க போர்டைத் தப்பாப் பாக்கறாங்க சார். அதனாலதான் வண்டியை விட்டுடறாங்க. முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். இப்ப என்ன தெரியுது?”

“அந்த சார் தெரியறாரு.”

“ரொம்பச் சரி.” கையிலிருந்த பலகையில் எதையோ தட்டினாள். “வெற்றிகரமா பாத்துட்டீங்க. அடுத்து வாங்க.”

“வண்டி தெரியலையேம்மா.”

“வண்டி தெரியறது அடுத்த கட்டம் சார். இந்தக் கட்டத்துல திரை தெரிஞ்சாப் போதும்.”

மகள் வட்டத்துக்குள் வர மறுத்துவிட்டாள். வெளியே நின்றபடியே, “அக்கா, நீங்க ஊருக்கு எப்படிப் போவீங்க?” என்று கேட்டாள்.

திரைத் தோழி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நான் பஸ்தான்.”

பிளாட்பாரத்துக்குப் போனால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று குழாய்க்காரர் சொன்னார். போனார்கள். பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் கண்ணாடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஏறுகிறவர்களுக்கு இந்தக் கோடியில் ஒரு கதவு, இறங்குகிறவர்களுக்கு அந்தக் கோடியில் ஒரு கதவு. இரண்டும் திரையோடு இணைக்கப்பட்டவை. வண்டி வந்ததாகத் திரையில் வந்தால் திறக்கும், கிளம்பியதாக வந்தால் மூடும். வண்டியோடு கதவுக்கு எந்தச் சம்பந்தமும் வைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும், நாற்காலியில் ஒரு கதவுக்காரரும் இருந்தார்கள். கதவு தானாகவே திறந்து மூடுவதால், அது தானாகத் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

அவர்கள் போய் நின்ற கொஞ்சநேரத்தில் இரண்டாவது பிளாட்பாரத்துக்கு ஒரு வண்டி வந்தது.

கண்ணாடி அதிர்ந்தது. ஜனம் முண்டியடித்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டியது. பெட்டிகளின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை இருக்குமே, அதன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி மூடியிருந்தார்கள். ஊர்ப்பெயரும் தகவல்தானே. திரையில் பெரியவர் சிரித்தார். கதவு அசையவில்லை.

“இது நம்ம வண்டிதான்ப்பா, நேரம் சரியா இருக்கு” என்றாள் மகள். உள்ளே இருக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சத்தம் கண்ணாடியைத் தாண்டவில்லை. உடனே போனை எடுத்து ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து, கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். முகம் மலர்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாங்க வாங்க என்று கையைக்கூட அசைத்தார்.

குழாய்க்காரர் கதவுக்காரரிடம் ஓடினார். “அண்ணே, அந்த வண்டிதான். உள்ள இருக்கிறவரே ஆமாங்கறாரு. கொஞ்சம் திறங்கண்ணே.”

“உள்ள இருக்கிறவரு யாரு?”

“பயணி.”

“பயணி சொன்னா அது வதந்தி சார்.”

“நீங்களே பாக்கறீங்கல்ல, வண்டி நிக்குது” என்றாள் மகள்.

கதவுக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். “ஒண்ணும் நிக்கலையேம்மா” என்றார். அதில் கேலியே இல்லை. வயிற்றுப் பிழைப்பை நினைக்கிற மனிதன் எதைப் பார்க்க வேண்டுமோ அதைத்தான் அவர் பார்த்தார்.

வண்டியிலிருந்து கொஞ்சம் பேர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் அந்தக் கோடிக் கதவுக்குப் போய், கதவு திறக்காமல், பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். திரையின் கணக்குப்படி அவர்கள் இன்னும் வரவில்லை. வண்டி ஊதியது. நகர்ந்தது. ரொட்டிக்காரர், ஏன் இவர்கள் வர மாட்டேன் என்கிறார்கள் என்று புரியாத முகத்தோடு, மரியாதைக்குக் கையசைத்துக்கொண்டே போனார்.

குழாய்க்காரரின் கை தானாக எழுந்து பதிலுக்கு அசைந்தது. அப்புறம்தான் போனது தங்கள் வண்டி என்று அவருக்குப் புரிந்தது.

புகார் சொல்ல ஒரு அறை இருந்தது. ‘பயணிகள் தகவல் மேம்பாட்டுப் பிரிவு.’ உள்ளே ஐஸ்பெட்டிக்குள் நுழைந்தது போலக் குளிர். பெரிய மேஜை, பெரிய மேஜைக்குப் பின்னால் மேம்பாட்டு அதிகாரி. சுவரெல்லாம் திரை. ஜன்னல் இருந்த இடத்தில்கூட ஜன்னலை எடுத்துவிட்டுத் திரை வைத்திருந்தார்கள். அதில் தண்டவாளத்தின் படம் தெரிந்தது. காலியான, கழுவித் துடைத்த தண்டவாளம்.

“உக்காருங்க, உக்காருங்க. பயணிகள்தான் எங்களுக்கு முதலாளி” என்றார் அதிகாரி. முதலாளிகள் உட்கார நாற்காலி இல்லை. நின்றார்கள்.

“சார், எங்க வண்டி போயிடுச்சு” என்றார் குழாய்க்காரர்.

அதிகாரி திரையைப் பார்த்தார். “இன்னும் வரவே இல்லையே.”

“வந்துச்சு சார். எங்க கண்ணு முன்னாடி நின்னு போச்சு.”

“வராத வண்டி எப்படிப் போகும்? இதோ பாருங்க, சரியான நேரம்னு போட்டிருக்கு.”

“வரவும் இல்லை, சரியான நேரமுமா?” என்றாள் மகள்.

“அதுதாம்மா இந்தத் திட்டத்தோட சிறப்பே.” அதிகாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன் குழந்தையைப் பற்றிப் பேசுகிற அப்பாவின் முகம் வந்துவிட்டது. “வண்டி லேட்டு, வண்டி லேட்டுன்னு காலங்காலமா புகார். ஒரு குழு போட்டோம். குழு பல நாடுகளுக்குப் போய் ஆராய்ச்சி பண்ணுச்சு. என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா? வண்டி லேட்டா வர்றதுல ஜனங்களுக்குக் கஷ்டமே இல்லை. லேட்டுன்னு தெரியறதுலதான் கஷ்டம். அந்தத் தெரியறதை எடுத்துட்டோம். இப்ப ஒரு வண்டிகூட லேட்டு கிடையாது. ஒரு புகார்கூடக் கிடையாது.”

“நாங்க இப்ப புகார்தான் சார் பண்றோம்.”

“எதைப் பத்தி?”

“வண்டியைப் பத்தி.”

“வண்டின்னா அது இயக்கப் பிரிவும்மா. அது வேற கட்டடம். வண்டியைப் பத்தின தகவல்தான் நாங்க. தகவல்ல ஏதாவது குறை இருக்கா?”

“தகவலே இல்லை சார்.”

“இல்லாததுல எப்படிக் குறை இருக்கும்?” என்றார் அதிகாரி, மிகுந்த பொறுமையோடு.

குழாய்க்காரருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் வராத குழாயைப் பார்க்கத்தான் அவரை வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும், தண்ணீர் வராதபோது வருகிறது என்று சொல்லி அவர் தப்பித்ததில்லை. தப்பிக்கலாம் என்று தோன்றியதும் இல்லை. படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும் போலிருக்கிறது என்று நினைத்தார். பக்கத்தில் நிற்கும் மகளும் இனிமேல் படிக்கப் போகிறவள்தானே என்று அவளை ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

அவர் கையைப் பிசைந்துகொண்டு கல்லூரி விஷயத்தைச் சொன்னார். இன்றைக்குள் போகாவிட்டால் சீட் போய்விடும், போனால் வராது, பெண் ராப்பகலாகப் படித்தது எல்லாம் வீண். அதிகாரி ‘அடடா’ என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்தச் சமயத்தில் உதவியாளர் ஒருவர் கதவைத் திறந்து வியர்க்க வியர்க்க உள்ளே வந்தார்.

“சார், விழாவுல பேச ஏற்பாடு பண்ணின பயணி வந்துட்டாங்க. ஆனா வெளிய வர முடியல.”

“எங்க இருக்காங்க?”

“ரெண்டாம் பிளாட்பாரத்துல, கண்ணாடிக்கு உள்ள. அந்த வண்டியிலதான் வந்தாங்க. வண்டி வந்ததா இன்னும் திரையில வரலை. அதனால அவங்க வரலை சார்.”

“தலைமை மேலாளர் வாசலுக்கு வந்துட்டாரே” என்று எழுந்தார் அதிகாரி. எழுந்த வேகத்தில் அவர் கண் குழாய்க்காரரின் இஸ்திரி போட்ட சட்டைமேல் விழுந்து, அங்கேயே நின்றது.

“நாலு வார்த்தை பேசுங்க, போதும். திரை ரொம்ப உபயோகமா இருக்குன்னு. தலைமை மேலாளர் மனசு குளிர்ந்துட்டார்னா, அவர் ஆபீஸ்ல இருந்தே உங்க காலேஜுக்குப் போன் போகும். அவர் சொன்னா எந்தக் காலேஜ் கேக்காது?”

“வேண்டாம்ப்பா” என்றாள் மகள்.

“ஒரு போன்தானேம்மா.”

“பொய் சொல்லணும்ப்பா.”

“உனக்குத்தானே சொல்றேன்” என்றார் குழாய்க்காரர்.

விழா நடுக்கூடத்தில் நடந்தது. தலைமை மேலாளர் திரையில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். சிரிக்கவும் இல்லை. காரில் வந்த களைப்பு என்றார்கள். நாடாவை வெட்டிவிட்டு மைக் முன்னால் வந்தார். அறிவிப்பு அம்மாவிடமிருந்து கழற்றிய அதே மைக்.

“நான் இந்தத் துறையில் ஒரு ஆயுட்காலத்தையே கழித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு பயணிகூட என்னை நேரில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அந்தக் குறை இன்று தீர்ந்தது. ஒவ்வொரு தூணிலும் என்னைப் பார்க்கிறீர்கள். இதைவிட வெளிப்படையான நிர்வாகம் உலகில் எங்கே இருக்கிறது?” கைதட்டினார்கள். “சிலர் கேட்கிறார்கள், வண்டியை முதலில் சரிசெய்யக் கூடாதா என்று. வண்டியைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தண்டவாளத்தைச் சரிசெய்ய வேண்டும். தண்டவாளத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அதற்கு எத்தனையோ பேர் வெயிலில் வேலை செய்ய வேண்டும். திரையைச் சரிசெய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மனிதாபிமானம் உள்ள எவனும் எதைத் தேர்ந்தெடுப்பான்?” மறுபடி கைதட்டினார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

பிறகு குழாய்க்காரரை மேலே தள்ளினார்கள். எழுதிக் கொடுத்த நாலு வார்த்தை வாய்க்குள் ஒட்டிக்கொண்டது. எதிரே ஜனம். ஜனத்துக்குப் பின்னால் மகள், கையைக் கட்டிக்கொண்டு, அப்பா எந்த அளவுக்குப் போகப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு.

“நான் காலையில இருந்து இந்தத் திரையைப் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றார். “கண்ணை எடுக்க முடியல. என் பொண்ணோட எதிர்காலமே இதுலதான் இருக்கு.” கண் கலங்கிவிட்டது.

கூடம் அதிர்ந்தது. அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை மேலாளர் எழுந்து வந்து குழாய்க்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இந்த மாதிரி நன்றியுள்ள பயணிகள் இருக்கும் வரை இந்தத் துறையை யாராலும் அசைக்க முடியாது” என்றார்.

கீழே இறங்கும்போது குழாய்க்காரர் அவர் கையை விடவில்லை. “ஐயா, காலேஜுக்கு ஒரு போன்...”

“குறிச்சுக்கங்க” என்றார் தலைமை மேலாளர். உதவியாளர் குறித்துக்கொண்டார். “நான் கிளம்பணும். அடுத்த திறப்பு விழா இருக்கு.” அவர் சொன்ன ஊரைக் கேட்டு மகள் முன்னால் வந்தாள். அவர்கள் போக வேண்டிய அதே ஊர்.

“சார், நாங்களும் அங்கதான் போகணும். உங்க கார்ல பின்னாடி உக்காந்துக்கறோம். கல்லூரி வாசல்லகூட இறக்க வேண்டாம், ஊர் எல்லையில விட்டாப் போதும்.”

தலைமை மேலாளர் திடுக்கிட்டுப் போனார். “ரயில் பயணியை நான் காரில் ஏற்றினால், ரயிலைப் பற்றி மக்கள் என்ன நினைப்பார்கள்?”

“நீங்க ஏன் சார் ரயில்ல போகலை?”

“நான் நேரத்துக்குப் போகணும்மா” என்றார் அவர், மனம் விட்டு. கார் கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. போன் போயிருக்கும் என்று குழாய்க்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் வீட்டிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள்.

“ஏறிட்டீங்களா?”

“பெரிய ஆளெல்லாம் பழக்கமாயிட்டாங்க. கையெல்லாம் குடுத்தாரு.”

“நான் கேட்டது வண்டியை.”

“அதெல்லாம் சரியான நேரத்துலதான் இருக்கு” என்றார். சொன்ன பிறகுதான், அந்த அதிகாரியின் வாக்கியம் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கு உறைத்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வெயில் சாய்ந்து தூண்களின் நிழல் நீண்டபோது மகளின் போன் அடித்தது. கல்லூரி எழுத்தர். குழாய்க்காரர் அவள் காதுக்குப் பக்கத்தில் தன் காதையும் கொண்டுபோய் வைத்தார்.

“எங்கம்மா இருக்கே? பேரைக் கூப்பிட்டு முடிச்சாச்சு.”

“சார், ஸ்டேஷன்லயே மாட்டிக்கிட்டோம். வண்டியில ஏற விடலை.”

“என்னம்மா கதை இது? எங்க ஊர்ல புதுத் திரை வெச்சிருக்காங்க. கல்லூரி வாசல்லயும் ஒண்ணு வெச்சிருக்காங்க. உன் வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேந்துடுச்சுன்னு பச்சை எழுத்துல ஓடிக்கிட்டிருக்கு.”

“வண்டி வந்திருக்கும் சார். நாங்கதான் வரலை.”

“அதைத்தானே நானும் சொல்றேன். வண்டி வந்துருச்சு, நீ வரலை. யார் மேல தப்பு?”

குழாய்க்காரர் போனைப் பிடுங்கினார். “சார், தலைமை மேலாளர் ஆபீஸ்ல இருந்து உங்களுக்குப் போன் வந்திருக்கணுமே சார். குறிச்சுக்கிட்டாங்களே.”

“வந்துச்சு.”

“வந்துச்சா சார்?”

“நீங்க நன்றியுள்ள பயணின்னு சொன்னாங்க. இன்னைக்கு எல்லா வண்டியும் சரியான நேரம், எவனாவது ரயிலைக் காரணம் காட்டினா நம்பாதீங்கன்னும் சொன்னாங்க.” எழுத்தரின் குரல் கொஞ்சம் இறங்கியது. அவரும் மனிதர்தான். “அந்தப் போன் வர்ற வரைக்கும் சீட்டை நாளைக் காலை வரைக்கும் நிறுத்தி வெக்கலாம்னுதான் இருந்தேன். இப்ப முடியாது. அடுத்த பையன் வந்து கையெழுத்துப் போட்டுட்டான்.”

மகள் போனை வாங்கி அணைத்தாள். அழவில்லை. பக்கத்துத் தூணில் இருந்த பெரியவரைப் பார்த்தாள். அவர் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் பார்த்த பார்வைக்கு மனிதனாக இருந்தால் நிறுத்தியிருப்பான்.

“வீட்டுக்குப் போலாம்ப்பா” என்றாள்.

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா.”

“போலாம்ப்பா.”

அப்போதுதான் திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணைச் சிமிட்டின. பெரியவர் மறைந்தார். காலை வண்டியின் பெயர் வந்தது. அவர்கள் போக வேண்டிய ஊர். இரண்டாவது பிளாட்பாரம். ‘வந்துவிட்டது.’ பச்சை எழுத்து. கண்ணாடிக் கதவு, காலையிலிருந்து படுத்திய பாட்டையெல்லாம் மறந்ததுபோல, வழுக்கிக்கொண்டு திறந்தது.

கூடத்தில் காலையிலிருந்து காத்துக்கிடந்த அத்தனை ஜனமும் எழுந்து ஓடியது. பெட்டி, மூட்டை, குழந்தை, எல்லாம் ஓடின. திரைத் தோழி கைதட்டிக்கொண்டே கூட ஓடினாள். குழாய்க்காரர் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டார்.

“அப்பா, அங்க வண்டி இல்லை.”

“போர்டுல போட்டிருக்கேம்மா.”

“சீட்டே போயிடுச்சுப்பா. எதுக்கு ஓடறீங்க?”

அவருக்குக் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. ஆனால் நாள் முழுக்க வராததுக்காகக் காத்திருந்த கால், வந்துவிட்டது என்றதும் அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டது. கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் இறக்கிவைத்தது.

தண்டவாளம் காலியாகக் கிடந்தது. ஒரு காகம் மட்டும் தண்டவாளத்தின்மேல் நடந்துகொண்டிருந்தது. ஜனம் விளிம்பில் வரிசையாக நின்றது. “தள்ளி நில்லுங்க, இறங்கறவங்களுக்கு வழி விடுங்க” என்று ஒருவர் அதட்டினார். எல்லாரும் வழி விட்டார்கள். அந்தக் கோடியில் காலையிலிருந்து நின்றவர்கள், கடைசியில் வந்து சேர்ந்தவர்களாகி, விழாவில் பேசவிருந்த அம்மா உட்பட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அந்தப் பக்கமாகவே தானும் போய்விடலாம் என்று குழாய்க்காரருக்கு உறைப்பதற்குள் எழுத்து மாறியது. ‘புறப்பட்டது.’ இரண்டு கதவும் மூடின.

மகள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். கதவின் ஓரம் விரல் அளவுக்கு ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பேச்சுக் கேட்டது.

“அண்ணே, கதவைத் திறங்க. அப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு.”

கதவுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “அவர் கிளம்பிட்டாரேம்மா.”

“இதோ நிக்கிறாரு அண்ணே. கைக்கு எட்டற தூரத்துல நிக்கிறாரு. நீங்களே பாருங்க.”

“பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். வண்டி கிளம்பிடுச்சு. நீ கவலைப்படாதே, போய்ச் சேர்ந்ததும் திரையில வரும்.”

மகள் மறுபடி மறுபடி தட்டினாள். குழாய்க்காரர் அந்த இடைவெளியை விட்டு நகர்ந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், அவள் உள்ளங்கைக்கு நேராகத் தன் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடி நடுவில் சில்லென்று இருந்தது. அவள் உதடு அசைந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அவள் திரும்பி அதிகாரியின் அறைப் பக்கம் ஓடினாள். அங்கே அவளுக்கு என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பிளாட்பாரத்தில் ஜனம் மெல்ல மெல்ல அடங்கி உட்கார்ந்தது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு அம்மா குழந்தையை மடியில் போட்டுத் தட்டினாள். யாரோ ஜன்னலோரம் உட்கார்வதுபோல விளிம்போரம் போய் உட்கார்ந்தார்கள். குழாய்க்காரரும் பைகளைக் காலடியில் வைத்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர், தகரப்பெட்டிக்காரர், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். வண்டி கிளம்பிக் கொஞ்சநேரம் ஆன பிறகு பக்கத்து சீட்டுக்காரர்கள் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பார்களோ அப்படி ஆரம்பித்தார்.

“நீங்க எங்க இறங்கணும்?”

குழாய்க்காரர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“என்ன விசேஷமா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைக் காணவில்லை. குழாய்க்காரர் எதிரே இருந்த காலித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

“பொண்ணைக் காலேஜ்ல சேக்கப் போறேன்” என்றார்.